சாவி போட்டாத்தான் கரண்டு

இங்கிலாந்துல வீடு மாறினவங்க யாரைக் கேட்டாலும் கவுன்சில் டாக்ஸ், டெபாசிட், லெட்டிங் ஏஜென்ட் அடிச்ச கொள்ளைன்னு மணிக்கணக்கா புலம்புவாங்க. மாடிப்படிக்குக் கீழ இருட்டுல உக்காந்திருக்கற மீட்டரைப் பத்தி மட்டும் ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல. போன வருஷம் நான் வாடகைக்குப் போன வீட்டுல இருந்தது ப்ரீபேமென்ட் மீட்டர். அதை மாத்தி சாதாரண கிரெடிட் மீட்டர் வாங்கறதுக்குள்ள தாவு தீர்ந்துபோச்சு. அந்த வயித்தெரிச்சல்தான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு: கிரெடிட் மீட்டர்னா நம்மூர் ஈ.பி. மாதிரி. முதல்ல எரிச்சுக்கோ, அப்புறம் காசு குடு. ப்ரீபேமென்ட் அப்படியே உல்டா. ஒரு பிளாஸ்டிக் சாவி குடுப்பாங்க. அதை மூலைக்கடைக்கு எடுத்துட்டுப் போய் காசு ஏத்தி, மீட்டர்ல சொருகணும். காசு தீர்ந்தா அஞ்சோ பத்தோ பவுண்டு அவசரக் கடன் உண்டு. அதுவும் தீர்ந்தா கரண்ட் போயிடும். ராத்திரியிலயும் வார இறுதியிலயும் கட் பண்ண மாட்டாங்களாம், ரொம்பப் பெரிய மனசு :-) ஒரு யூனிட் கூட எரிக்காட்டியும் தினம் ஸ்டாண்டிங் சார்ஜ் மட்டும் கழிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்தா ஃப்ரிட்ஜ்ல வச்ச இட்லி மாவு கதி என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்ல. 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ளயே காசு போட்டா கேஸ் வர்ற மீட்டரை இந்த ஊர்ல ஏழைங்க வீடுகள்ல மாட்டிட்டாங்க. அப்புறம் ரொம்ப காலம் வாடகை அறைகள்ல ஷில்லிங் போட்டுத்தான் குளிர் காய்ஞ்சாங்க. ஷில்லிங் போய் சாவி வந்திருக்கு, அவ்வளவுதான்.

என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார்: "இப்ப ப்ரீபேதானே சீப்பு, எதுக்குய்யா மாத்தறே?" நியாயமான கேள்வி. முன்னாடியெல்லாம் ப்ரீபே ஆளுங்கதான் அதிகமா கட்டினாங்க, அதாவது கையில காசு இல்லாதவனுக்கு ரேட் ஜாஸ்தி. 2023 ஜூலையிலிருந்து அந்த அநியாயத்தை நிறுத்தினாங்க. 2024 அக்டோபர்-டிசம்பருக்கு ஆஃப்ஜெம் (மின்சார, கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற அமைப்பு) போட்ட உச்சவரம்புல, ஒரு சராசரி வீட்டோட வருஷச் செலவு ப்ரீபேக்கு 1,669 பவுண்டு, டைரக்ட் டெபிட்டுக்கு 1,717, பில் வந்தப்புறம் கட்டறவங்களுக்கு 1,829. ஆக, மாத்தினதுல எனக்கு லாபம் இல்ல.

நான் மாத்தினது வேற காரணத்துக்கு. கிரெடிட் மீட்டர்காரன் பணம் கட்டலேன்னா கம்பெனிதான் அலையணும். லெட்டர் போடணும், போன் பண்ணணும், தவணை குடுக்கணும், கடைசியில கோர்ட்டுக்குப் போய் வாரண்ட் வாங்கணும். வழியில எங்கயாவது ஒரு மனுஷன் "இந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கே"ன்னு கவனிக்க வாய்ப்பு இருக்கு. ப்ரீபேல அந்தப் படியே கிடையாது. காசு தீர்ந்துது, இருட்டாச்சு. இதுக்கு அவங்க வச்சிருக்கற பேரு 'செல்ஃப் டிஸ்கனெக்‌ஷன்', தன்னைத் தானே துண்டிச்சுக்கறதாம்! சோத்துக்கு இல்லாதவனைப் பாத்து விரதம் இருக்கான்னு சொல்ற மாதிரி. 2022ல மட்டும் 32 லட்சம் பேருக்கு இப்படிக் காசு தீர்ந்துபோச்சுன்னு சிட்டிசன்ஸ் அட்வைஸ் மதிப்பிட்டாங்க, அதாவது பத்து செகண்டுக்கு ஒருத்தர்.

எங்க தெருமுனைக் கடை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனுடையது. சாவியை நீட்டினா "எவ்வளவு போடவேணும் தம்பி?"ம்பார். நான் முப்பது, நாப்பதுன்னு போடுவேன். எனக்கு முன்னாடி வரிசையில நிக்கறவங்க ரெண்டு, மூணுன்னு சில்லறையை எண்ணிப் போடுவாங்க. "குளிர் நாளில சில பேர் ஒரு நாளில ரெண்டு தரம் வருவினம்"னு அவர் சாதாரணமா சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

2023 பிப்ரவரியில தி டைம்ஸ் பத்திரிகை, கடன் பாக்கி இருக்கற வீடுகள்ல பூட்டைத் திறந்து உள்ள போய் இந்த மீட்டரை மாட்டற கூத்தை அம்பலப்படுத்துச்சு. கட்டாயமா மாட்டறதை நிறுத்தி வச்சாங்க. அப்புறம் 75 வயசு தாண்டி துணையில்லாம இருக்கறவங்க, ரெண்டு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கற வீடு இங்கல்லாம் கூடாதுன்னு விதி வந்துது. சந்தோஷம். ஆனா என்னை மாதிரி ஏற்கனவே மாட்டின வீட்டுக்குக் குடி வர்றவனை யாரும் கணக்குல எடுக்கல. என் வீட்டுல முன்னாடி இருந்தவருக்குக் கடன். அவர் போயிட்டார், மீட்டர் இருக்கு. டிராயர்ல அவர் விட்டுட்டுப் போன சாவியும் இருந்துது. அதுல காசு ஏத்தினா அவர் கடனும் சேர்ந்து கழியும்னு நண்பன் ஒருத்தன் முன்கூட்டியே எச்சரிச்சதால தொடவே இல்ல, புது சாவி கேட்டு வாங்கினேன்.

கிரெடிட் மீட்டருக்கு மாத்துங்கன்னு கேட்டா, கம்பெனி 'கிரெடிட் செக்' பண்ணணும்னாங்க. எனக்கு நாலு வருஷ பேங்க் வரலாறு இருந்ததால தப்பிச்சேன். சென்னையிலருந்து போன மாசம் வந்து இறங்கினவனுக்கு எந்த வரலாறும் இருக்காது. அவன் ஒரு கத்தை டெபாசிட் கட்டணும், இல்ல சாவியோட கடைக்கு ஓடணும். முன்கூட்டியே காசு குடுக்கறவனுக்கு 'ஒழுங்கா கடன் கட்டறவன்'ங்கற பேரு எந்த ஜென்மத்துல வரும்?

பொட்டி தட்டற எனக்கு இது ரொம்பச் சின்ன விஷயமாத்தான் படுது. பழைய மீட்டருக்கு ஆள் வந்து மாத்தணும், சரி. ஸ்மார்ட் மீட்டர்ல ப்ரீபேயா கிரெடிட்டாங்கறது தூரத்துல இருந்தே மாத்தற ஒரு செட்டிங். குடியிருக்கறவர் மாறினா கணக்குல பேரை மாத்தறாங்கல்ல? அதே நேரத்துல அதையும் கிரெடிட்டுக்குத் திருப்பிட வேண்டியதுதானே. கேக்கறவங்களுக்கு மட்டும் ப்ரீபே குடுக்கட்டும். நாலு பேச்சிலர் பசங்க இருக்கற வீட்டுக்கு அது வசதி, ஆளுக்குப் பத்து போட்டா பில் தகராறே வராது. உத்தேச ரீடிங் போட்டு வந்த பில்லுல சூடுபட்டவங்களும் அதைத்தான் விரும்புவாங்க. வேணும்னு எடுத்தா வசதி. வீட்டுச் சாவியோட சேர்த்து தலையில கட்டினா அது முன்னாடி இருந்தவருக்குப் போட்ட தண்டனை, எனக்கு எதுக்கு?

'அது வெள்ளைக்காரன் ஊர் பிரச்சனை'ன்னு நினைக்காதீங்க மக்களே. 2021ல மத்திய அரசு கொண்டுவந்த ஆர்.டி.எஸ்.எஸ். திட்டத்துல 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் மாட்டறதா இலக்கு. மின்திருட்டு, பில் பாக்கி, வாரியத்தோட நஷ்டம் பத்தியெல்லாம் நிறைய பேசறாங்க. மாசக் கடைசியில பேலன்ஸ் தீர்ந்த வீட்டுல பரீட்சைக்குப் படிக்கற புள்ளை என்ன செய்யும்னு இப்பவே கேட்டு வச்சிடணும், மாட்டினப்புறம் கேட்டா சாவிதான் குடுப்பாங்க.

பி.கு: இங்க வீடு மாறப்போறவங்க, குடி போற அன்னிக்கே மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்க. கம்பெனிக்கு போன் பண்ணி உங்க பேர்ல பதிஞ்சு புது சாவி வாங்கற வரைக்கும் பழைய சாவியைத் தொடாதீங்க. பில் கட்டறது நீங்கதான்னா மீட்டரை மாத்தக் கேக்கற உரிமை வாடகைக்காரருக்கும் உண்டு, வீட்டு ஓனருக்கு ஒரு மெயில் தட்டிட்டா நல்லது.