தோற்ற ஜாதியாரின் ஜயம்

விளையாட்டிலே வெற்றி தோல்வி பாராட்டலாகாது என்பார்கள் பெரியோர். பொதுவில் நமக்கும் அது சம்மதமே. ஆயினும் ஓர் ஆட்டத்தின் ஜயம் ஆட்டத்தோடு நின்றுவிடாத சந்தர்ப்பமும் உண்டு.

அமெரிக்காவில், பென்ஸில்வேனியா மாகாணத்துக் கார்லைல் நகரில், 1879-ம் வருஷம் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்ற ராணுவ உத்தியோகஸ்தர் ஒரு பாடசாலையை ஸ்தாபித்தார். அந்நாட்டு ஆதிக்குடிகளின் குழந்தைகளைக் கொணர்ந்து, தலைமயிரைக் கத்தரித்து, புதுப் பெயரிட்டு, தாய்ப்பாஷை பேசாமல் தடுத்து, வெள்ளையரைப் போலாக்குவதே அதன் நோக்கம். இம்மாதிரிக் கல்வியின் உட்கருத்தை நம் நேயர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அப்பிள்ளைகள் அங்கே புட்பால் பயின்றார்கள். அமெரிக்கர் புட்பால் என்பது நம் சிறுவர் உதைத்தாடும் ஆட்டமன்று. நீண்டுருண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மறிப்போரை மோதித் தள்ளி எதிரியின் எல்லையைச் சேரும் முரட்டு ஆட்டம். காயங்களும் மரணங்களும் மலிந்ததால், 1905-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கலாசாலைப் பிரதிநிதிகளை அழைத்துப் பேச நேர்ந்தது. மறு வருஷம், பந்தை முன்னோக்கி எறியலாமென்று விதி ஏற்பட்டது. உடற்பாரம் குறைந்த கார்லைல் பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதமாயிற்று. பயிற்சியாளர் கிளென் வார்னரின் யுக்தியும் அவர்களுடைய வேகமும் சேர்ந்து பெருங்கலாசாலைகளைத் திணறவைத்தன.

1912-ம் வருஷப் பருவத்தில் அவர்கள் ஆடியவை 14 ஆட்டங்கள், வென்றவை 12, தோற்றது ஒன்று, சமனாய் முடிந்தது ஒன்று. ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்று திரும்பிய ஜிம் தார்ப் அவ்வணியின் உயிர்நாடி. நவம்பர் 9-ந் தேதி, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையை அதன் மைதானத்திலேயே எதிர்த்தார்கள். இவர்களுடைய முன்னோரின் நிலத்தைப் பறித்த பட்டாளத்துக்குத் தளபதிகளை அளித்த கலாசாலை அது! முடிவு, கார்லைலுக்கு 27, ராணுவத்துக்கு 6. எதிரணியில் அன்று ஆடியவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐஸன்ஹோவர்.

மைதானத்தில் கரகோஷம் கிடைத்தது; உரிமை கிடைக்கவில்லை. முன்பு பேஸ்பால் ஆடிச் சிறு ஊதியம் பெற்றாரென்று 1913-ல் தார்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவரே தனி வெற்றியாளரென்று மீண்டும் ஏற்கப்பட்டது 2022-ல். அவர் காலமானதோ 1953-ல். ஆதிக்குடிகள் அனைவருக்கும் பிரஜா உரிமை வழங்கும் சட்டம் 1924-ல்தான் பிறந்தது. அதற்குள், 1918-லேயே, அப்பாடசாலை மூடப்பட்டுவிட்டது. வீடு திரும்பாமல் அங்கே மாண்ட குழந்தைகள் நூற்றுக்கு மேற்பட்டோர். 2017 முதல் அவர்களிற் சிலரின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டுச் சொந்த ஊர் சேர்ந்திருக்கின்றன.

அந்த 27-க்கு 6-ஐ நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்வோம். ஆனால் அதனோடு நிறுத்தாமல், அக்குழந்தைகளின் சமாதிகளைப் பற்றியும் சேர்த்தே சொல்வோம்.