நாய்க்கு எதுக்குங்க இன்சுலின்?

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு டப்பா இருக்கிறது. ஒன்றில் 'தாத்தா' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். இன்னொன்றில் 'ஜூலி'. தாத்தாவுக்கு எண்பத்தொரு வயது, ரிட்டயர்டு ரயில்வே. ஜூலிக்கு எட்டு வயது, பாமரேனியன் (அப்பா யாரென்று தெரியாததால் பாதி பாமரேனியன்). இரண்டு பேருக்கும் காலை ஏழு மணிக்கு ஒரு ஊசி, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு ஊசி. ஆம், சர்க்கரைதான்.

இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள். மீதி இரண்டு பேர், "மனுஷனுக்கே மருந்து கிடைக்கல, நாய்க்கு எதுக்குங்க இன்சுலின்?" என்று கேட்கிறார்கள். சிரிக்கிறவர்களோடு நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பி.காம் படிக்கிறவன், அதனால் கொஞ்சம் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆவணியில் ஆரம்பித்தது. ஜூலி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள். எட்டு வருடமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு சிந்தாதவள் ஹாலிலேயே மூத்திரம் போனாள். திமிர் என்று நினைத்து பேப்பரைச் சுருட்டி நான் ஒரு அடிகூட அடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. முன்பைவிட அதிகமாகச் சாப்பிட்டாள், ஆனால் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. முதலில் காட்டிய டாக்டர் மூத்திரத்தில் கிருமி என்று பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

கண்டுபிடித்தது தாத்தாதான். மொட்டை மாடியில் ஜூலி போன இடத்தில் எறும்பு வரிசை கட்டி நின்றதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான்டா ஆரம்பிச்சுது" என்றார். மறுநாள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. மூத்திரத்திலும் சர்க்கரை.

"மாத்திரை கேட்காதுப்பா. நாய்க்கு வர்ற சர்க்கரை பெரும்பாலும் இன்சுலின் போட்டே ஆகவேண்டிய வகை. ஆயுசுக்கும் போடணும்" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. அம்மா அங்கேயே அழுதுவிட்டாள்.

அடுத்த ஒரு வாரம் வீடு சாவு வீடு மாதிரி இருந்தது. வந்தவர்கள் சொன்ன அறிவுரை ஒன்றுதான். "பேசாம ஒரு ஊசி போட்டு முடிச்சிடுங்க. பாவம், கஷ்டப்படாம போய்ச் சேரட்டும்."

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெயர் கருணை இல்லை. மீளவே முடியாத வலியில் துடிக்கிற பிராணியை உறங்க வைப்பது கருணைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை வந்த நாய் அப்படித் துடிப்பதில்லை. இன்சுலின் சரியாகப் போனால் தண்ணீர் தாகம் குறைகிறது, எடை ஏறுகிறது, வாசலில் பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறது. பல நாய்கள் இப்படியே பல வருடம் இருக்கின்றன. கஷ்டம் நமக்குத்தான். காலை ஏழு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், குடும்பத்தோடு ஊருக்குப் போக முடியாது, செலவு ஆகும். நம்முடைய கஷ்டத்தை நாயின் கஷ்டம் என்று எழுதினால், எங்கள் அக்கவுண்டன்சி பாஷையில் அது தப்பான தலைப்பில் போட்ட என்ட்ரி. டோட்டல் டேலி ஆகலாம், ஆனாலும் கணக்கு பொய்தான்.

சரி, செலவுக்கே வருவோம். இன்சுலின் குப்பி 10 மில்லி. மில்லிக்கு 40 யூனிட் என்றால் குப்பிக்கு 400 யூனிட். ஜூலிக்கு டாக்டர் எழுதியது வேளைக்கு 4, நாளைக்கு 8. ஐம்பது நாள் வரவேண்டும். ஆனால் திறந்த குப்பியை நாலு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வீண். இதோடு மாதம் அறுபது சிரிஞ்சு, சர்க்கரை பார்க்கிற பட்டை, அவ்வப்போது ஆஸ்பத்திரி. எல்லாம் சேர்த்து எங்களுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரம் ஆகிறது. சின்னத் தொகை இல்லை. என் பைக் பெட்ரோலும் கேன்டீன் பிரியாணியும் அதில்தான் போயின (பஸ் பாஸ் வாழ்க!).

இந்தத் தொகையைத் தர முடியாத வீடுகள் உண்டு. பிள்ளைக்கு ஃபீஸா நாய்க்கு ஊசியா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய வீட்டை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நான் சொல்வது, முடிகிறவர்கள் முடியாது என்று சொல்வதைப் பற்றி.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாய்க்கு எதுக்கு இன்சுலின்? தாத்தாவின் டப்பாவில் இருக்கிற மருந்து எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். 1889-ல் ஜெர்மானிய டாக்டர்கள் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தது. கணையத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. 1921-ல் கனடாவின் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம் சோதனை செய்தார்கள். பல நாய்கள் செத்தன. மார்ஜரி என்ற பெண் நாய், கணையமே இல்லாமல், அவர்கள் எடுத்த சாற்றின் தயவில் பல வாரம் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லியனார்ட் தாம்ப்ஸன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்குப் போட்டார்கள். அவன்தான் இன்சுலின் போட்டுக்கொண்ட முதல் மனிதன். 1923-ல் நோபல் பரிசு வந்தது. அதே வருடம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆக, என் தாத்தா உயிரோடு இருப்பதற்கு முதல் போட்டது நாய்கள். அவற்றை யாரும் சம்மதம் கேட்கவில்லை. லாபத்தை நூறு வருடமாக நாம் அனுபவிக்கிறோம். இப்போது ஒரு நாய்க்கு நாலு யூனிட் போனால் வீண் செலவு என்கிறோம். கடன் தீர்க்கிறதைச் செலவு என்று எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்?

"மனுஷனுக்கே கிடைக்கல" என்பதும் உண்மையான கவலைதான். ஆனால் ஜூலியின் குப்பியை நிறுத்தினால் அது ஒரு ஏழைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா? என் பைக் டாங்கிக்குத்தான் போகும். ஏழைக்கு மருந்து கிடைக்காததற்குக் காரணம் ஜூலி இல்லை.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யவில்லை. "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே" என்று தள்ளிக்கொண்டே வந்தோம். பெட்டை நாய்க்கு ஹீட் முடிந்த பிறகு சில வாரம் ஒரு ஹார்மோன் அதிகமாக இருக்கும், அது இன்சுலினை வேலை செய்ய விடாது. அதனால்தான் ஆபரேஷன் ஆகாத பெட்டைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டரம்மா. சர்க்கரை கொஞ்சம் கட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் செய்தோம். உங்கள் வீட்டில் பெட்டை நாய் இருந்தால் இப்போதே டாக்டரைக் கேளுங்கள்.

வேறு இரண்டு விஷயங்கள், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒன்று, சிரிஞ்சு. மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. மாறிப் போனால் கணக்கே மாறும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் நாலு கோடு இழுத்தால் உள்ளே போவது பத்து யூனிட்! மருந்துக் கடையில் அவசரத்தில் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, முதலில் சாப்பாடு, பிறகுதான் ஊசி. மார்கழியில் ஒரு நாள் ஜூலி சாப்பிட்டதை வாந்தி எடுத்தது தெரியாமல் அப்பா முழு டோஸ் போட்டுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் கால் பின்னி விழுந்தாள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. தாத்தாதான் தேன் பாட்டிலை எடுத்து ஈறில் தடவச் சொன்னார். தடவிக்கொண்டே ஆட்டோவில் ஓடினோம். பிழைத்துவிட்டாள். அன்றிலிருந்து சாப்பிடாத நாளில் டாக்டருக்குப் போன் போடாமல் யாரும் ஊசியைத் தொடுவதில்லை. சர்க்கரை ஏறுவது மெதுவாகக் கெடுக்கும், இறங்குவது அன்றைக்கே கொன்றுவிடும்.

ஜூலியின் கண் இப்போது பால் மாதிரி வெளுத்து வருகிறது. சர்க்கரை உள்ள நாய்களுக்குக் கண்புரை ரொம்ப சகஜமாம். ஆபரேஷன் உண்டு, அதற்கு எங்களிடம் இப்போது பணம் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அதனால் ஹாலில் சோபாவை நகர்த்துவதில்லை. தண்ணீர்க் கிண்ணம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தாத்தாவுக்கும் ஒரு கண் சுமார்தான். சாயந்திரம் இரண்டு பேரும் ஒன்றாக நடக்கிறார்கள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை :-)

உங்கள் வீட்டு நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் அடிக்காதீர்கள். ரத்தம் பாருங்கள். நான் செய்யத் தவறியது அது.

மணி ஆறே முக்கால். தட்டைக் காலி செய்தாளா என்று பார்க்க வேண்டும். வரட்டுமா?