குளிருக்குப் பதில் கத்தரி

ராஸ்பெர்ரி செடி இப்போது கைபேசியில் ஆர்டர் போட்டால் காட்பாடிக்கும் வந்துவிடுகிறது. ஈரத் தேங்காய்நார், பிளாஸ்டிக் உறை, நான்கு இலை, கூடவே சிவப்புச் சிவப்பாய்ப் பழம் தொங்கும் ஒரு படம். சில நூறு ரூபாய்தான். காந்தி நகர் மாடிகளில் இப்படி வந்திறங்கிய செடிகளை நிறையப் பார்த்துவிட்டேன். தை, மாசியில் தளிர்விட்டு ஆசை காட்டும். சித்திரையில் குச்சியாகிவிடும். “மருந்து ஏதாச்சும் அடிக்கலாமா சார்?” என்று கேட்கிறார்கள். மருந்து கடையில் இல்லை, தட்பவெப்பத்தில் இருக்கிறது.

ராஸ்பெர்ரிக்கு வேர்தான் நிரந்தரம். மேலே நிற்கும் கொம்புக்கு ஆயுள் இரண்டே வருடம். முதல் வருடம் ஓங்கி வளரும். இரண்டாம் வருடம் பூத்து, காய்த்து, காய்ந்துபோகும். அதனால் அதன் கவாத்து ரொம்பச் சுலபம். காய்த்து முடித்த கொம்பைத் தரையோடு வெட்டி எறிந்துவிட்டு, தூரிலிருந்து கிளம்பிய புதுக் கொம்புகளில் திடமானதாக நான்கைந்தை மட்டும் விட்டு, கம்பியில் இழுத்துக் கட்ட வேண்டும். முள் கிழிக்கும், கையுறை வேண்டும். தோல் கையுறைக்கு நம் பக்கத்தில் பஞ்சமா என்ன?

ஆனால் அந்த இரண்டு வருடங்களுக்கு நடுவே ஒரு குளிர்காலம் வந்தாக வேண்டும். ஏழு டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம், சில ரகங்களுக்கு ஆயிரத்துக்கும் மேல், அது தூங்க வேண்டும். தூங்காத கொம்பில் மொட்டு ஒழுங்காக விழிக்காது. நாமோ மார்கழி விடியலில் பதினெட்டு டிகிரிக்கே குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்கள். முதல் வருடமே கொம்பு நுனியில் காய்க்கிற ரகங்களும் உண்டு. 1969இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘ஹெரிடேஜ்’ அப்படிப்பட்டது. அதற்கும் இதமான கோடைதான் பிடிக்கும். நாற்பதைத் தாண்டும் வேலூர் அக்னி நட்சத்திரம் அல்ல. வெளிநாட்டில் பெரிய பண்ணைக்காரர்கள் கொம்புகளைக் குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் தூங்கவைத்து, பிறகு கொண்டுபோய் நடுகிறார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கே இடமில்லை.

நம் மலைகளில் ஒரு ராஸ்பெர்ரி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புதரோரம் வெளுத்த தண்டோடு வளைந்து நிற்கும். பழம் சிவந்து, பிறகு கருத்து, மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். உலகம் அதை மைசூர் ராஸ்பெர்ரி என்கிறது. கடுங்குளிர் கேட்காத இனம் என்பதால் ஃபுளோரிடாவின் தென்கோடி வரை வீட்டுத் தோட்டங்களுக்குப் போயிருக்கிறது. கலாபகோஸ் தீவுகளிலோ தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவி, அங்குள்ள செடிகொடிகளை மூடி, ஒழிக்க முடியாத களையாக நிற்கிறது. காற்றும் மேகமும் குடித்து வளர்ந்த அதைக் காட்பாடியின் சிமெண்ட் மாடிக்கு இறக்க எனக்கு மனமில்லை.

தண்ணீர்ச் சங்கதியும் இருக்கிறது. ராஸ்பெர்ரிக்கு உப்பு ஆகாது. பாலாற்றுப் பக்கம் தோல் ஷாப் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பான கதை. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு ஒன்று அந்தத் தீர்ப்பிலேயே வருகிறது. காட்பாடி ஆற்றுக்கு வடகரை. ஆம்பூர், வாணியம்பாடி அளவுக்கு அடி விழவில்லை. ஆனாலும் பல தெருக்களில் போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளைக் கோடு போடுகிறது. செடி வாங்குவதற்கு முன் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

அப்படியானால் கொம்பை வெட்டி, பழம் பறித்து, விரல் கறுக்கும் சுகம் நமக்கு இல்லையா? இருக்கிறது. மல்பெரி வையுங்கள்.

குளிர் இல்லாத ஊரில் செடியை விழிக்கவைப்பது கத்தரிதான். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்காரர்கள் பல தலைமுறையாகச் செய்வது இதைத்தான். வடக்கே குளிரில் இலையுதிர்த்துத் தூங்கும் கொடி, கம்பத்தில் தூங்குவதே இல்லை. விட்டால் இலையாகவே போய்க்கொண்டிருக்கும். கவாத்து விழுந்தால் பூக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் வெட்டும் தேதியை மாற்றி வருடம் முழுக்கப் பழம் எடுக்கிறார்கள். ராஸ்பெர்ரி இந்த ஏமாற்றுக்கு மசியாது. மல்பெரி மகிழ்ச்சியாக மசியும்.

வழி இதுதான். பழம் ஓய்ந்ததும் கிளைகளை இடுப்புயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். மரம் மொட்டையாக நிற்பதைப் பார்த்து வீட்டில் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள். தூரைச் சுற்றிக் கொத்தி, இரண்டு கூடை ஆட்டெரு போட்டு, காய்ந்த இலையால் மூடாக்கு இட்டு, நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். புதுத் தளிரோடு, இலைக்காம்பின் இடுக்கிலேயே பச்சைப் பிஞ்சும் சேர்ந்து வரும். பழம் வருவது அந்தப் புதுக் கிளையில்தான்; அதனால்தான் வெட்டாத மரம் உயரத்தில் இரண்டு பழத்தைக் காட்டிவிட்டு ஏமாற்றுகிறது. ரகம் மட்டும் பார்த்து வாங்குங்கள். மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையம் தந்த ‘வி 1’ பட்டுப்புழுவுக்கான இலை ரகம். பழம் வேண்டுமென்றால் காய்த்துக்கொண்டிருக்கும் மரத்தில் குச்சி கேட்டு வாங்குவதே உத்தமம்.

மாவுப்பூச்சி வரும். வந்த உடனே கடைக்கு ஓடாதீர்கள். 2008 வாக்கில் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, அடுத்த இரண்டு வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டது. அடித்த மருந்தெல்லாம் அதன் மெழுகுத் தோலில் வழிந்து ஓடியது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குட்டிக் குளவி, மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இன்று நீங்கள் மாடியில் விஷம் தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். பூச்சி கண்ட நுனியைக் கிள்ளி எரித்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே வீட்டு மரத்துக்குப் பெரும்பாலும் போதும்.

பறிப்பதில் ராஸ்பெர்ரிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ராஸ்பெர்ரி பழுத்தால் நடுத்தண்டைச் செடியிலேயே விட்டுவிட்டு, உள்ளே குழிவாக, விரலில் மாட்டிக்கொள்ளும்படி கழன்று வரும். மல்பெரி காம்போடு வரும். சிவப்பில் பறித்தால் புளிப்பு. முழுக்கக் கறுத்து, தொட்டதும் விழுகிறதைத்தான் எடுக்க வேண்டும். பழைய வேட்டியைக் கீழே விரித்துக் கிளையை மெல்ல உலுக்கினால் போதும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கொண்டைக்குருவிகள் வந்துவிடும். குயில் அதற்கு முன்பே வந்து போயிருக்கும். வலை கட்டுகிறவர்கள் கட்டலாம். நான் மேல் கிளைகளை அவற்றுக்கென்றே விட்டுவிடுகிறேன். எட்டாத உயரத்தில் இருப்பதைத் தானம் செய்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. பறித்ததைக் கழுவி வைக்காதீர்கள், சாயங்காலத்துக்குள் நொளநொளவென்று ஆகிவிடும். தின்னும்போது அலசினால் போதும். மிஞ்சினால் சர்க்கரை போட்டுக் கிளறி, எலுமிச்சை பிழிந்து பாட்டிலில் அடைத்துவிடலாம். பள்ளிக்கூடச் சட்டையோடு பிள்ளைகளை மரத்தடிக்கு விடாதீர்கள். கறை போக அந்த மரத்துச் சிவப்புக் காயையே தேய்ப்பார்கள், ஓரளவு போகும்.

மே மாதத்தில் மட்டும் வெட்ட வேண்டாம், இலை இல்லாத பட்டையை வெயில் பொசுக்கிவிடும். ஆடியில் ஒரு மழை விழுந்ததும் கத்தரியை எடுங்கள். வெட்டிய குச்சிகளில் பென்சில் பருமனுக்கு இருப்பதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நிழலில் ஈர மண்ணில் செருகிவைத்தால் பாதிக்கு மேல் பிழைக்கும். தெருவில் யாராவது ராஸ்பெர்ரி பற்றிக் கேட்டால் அதில் ஒன்றைக் கொடுத்தனுப்பலாம்.