பறவைத் தாங்கி சரி, கூட்டுக் குஞ்சுக்கு என்ன வழி?

வேளாண்மை – உழவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

நெல் வயலில் பறவைத் தாங்கி நடச் சொல்வது உங்கள் துறைதான். கரிச்சான் வந்து உட்கார்ந்து புழு பிடிக்கும் என்பதை நம்பி விவசாயிகளும் குச்சி நடுகிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்த வயலைச் சுற்றிக் கூட்டில் கிடக்கும் குஞ்சுகளை மருந்து அடிக்கும்போது யாரும் நினைப்பதில்லை.

தூக்கணாங்குருவியையே பாருங்கள். பெரிய குருவி நெல் தின்னும். அதனால் வயலில் அதற்குக் கெட்ட பெயர். குஞ்சுக்கு முதல் நாட்களில் தானியம் ஆகாது. கிணற்றோர ஈச்ச மரத்துக் கூட்டுக்குத் தாய் கவ்வி வருவது வெட்டுக்கிளியும் புழுவும்தான். அது குஞ்சு பொரிப்பது மழைக்காலத்தில். நாம் மருந்து அடிப்பதும் அப்போதுதான்.

ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்பைத் தாக்குபவை. அந்த நஞ்சை முறிக்கும் நொதிகள் குஞ்சின் உடம்பில் போதிய அளவு இருப்பதில்லை. தாய் பிழைத்தாலும் மந்தமாகி, இரை கொண்டுவரும் நடை குறைகிறது.

நஞ்சே படாமலும் குஞ்சு சாகும். பிரிட்டனில் 1950-களில் களைக்கொல்லி பரவியதும் களை போயிற்று, களையை அண்டிய பூச்சி போயிற்று, கௌதாரிக் குஞ்சுகள் பசியில் மடிந்தன. சசெக்ஸ் வயல்களில் 1968 முதல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர் டிக் பாட்ஸ். பிற்பாடு வயலோரம் 6 மீட்டரில் மட்டும் மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். பிழைத்த குஞ்சுகள் கூடின.

ஒன்றரை ஏக்கர்க்காரரிடம் 6 மீட்டர் கேட்பது அநியாயம். வரப்பை விடச் சொல்லலாமே? ஆள் கிடைக்காமல்தான் வரப்புப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். திட்டிப் பயனில்லை, புல்வெட்டும் கருவியை வாடகைக்குக் கைக்கெட்டும்படி வையுங்கள்.

அடுத்தது இலைச்சுருட்டுப் புழு. வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம்: அதுவரை மருந்து வேண்டாம் என்பது பரிந்துரை. வயலில் இறங்கி இதை எண்ணுபவர் எத்தனை பேர்? நாலு இலை வெளுத்ததும் மருந்துக்கடைக்காரர் சொல்வதுதான் வேதம். (அவருக்கு விற்றால்தானே வரும்படி!) உழவன் செயலியில் இந்த அளவைப் படத்தோடு முதலில் காட்டுங்கள், மருந்தின் பெயர் அதற்குக் கீழே வரட்டும். பக்கத்து மரத்தில் கூடு இருந்தால் அந்த ஓரத்தை விட்டு அடிக்கச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள். சம்பா நடவுக்கு முன் இது முடிந்தால் நல்லது.