கூட்டத்துக்கு நடுவுல நிக்கிற ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?



தைப்பூசம் நெருங்கினா நம்ம தொண்டூழியர் குழுக்கள்ல ஒரு பேச்சு வந்துடும்: "போலிஸ்காரங்க இத்தனை வருஷம் இடுப்புல வச்சிருந்த அந்தக் குட்டி ரிவால்வர் எதுக்கு ஆகும்? மேக்னம் கொடுத்திருக்கணும்." தேசிய சேவை முடிச்ச தம்பிகள் சிலரும் இப்படித்தான் சொல்றாங்க. நாங்க இதை ஒத்துக்க மாட்டோம்.

சிங்கப்பூர்ப் போலிஸ் பல ஆண்டுகள் பயன்படுத்தியது டாரஸ் மாடல் 85. சின்ன ரிவால்வர், ஐந்தே தோட்டா, .38 ஸ்பெஷல் வகை. .357 மேக்னத்திலும் குண்டின் விட்டம் அதேதான், சுமார் 9 மில்லிமீட்டர். ஆனால் மேக்னம் தோட்டாவின் உறை 3 மில்லிமீட்டர் நீளம் அதிகம், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால பலமும் கூடுதல். அதை நாங்க மறுக்கல.

ஆனா அந்தப் பலத்தை யார் கை தாங்கும்? துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதை கூடும். அரைக் கிலோ ரிவால்வரில் மேக்னம் சுட்டா, .38-ஐ விட உதை இரண்டு மடங்குக்கும் மேல. முதல் குண்டு குறியில் படலாம். கை எகிறின பிறகு இரண்டாவது எங்கே போகும்? போதாததுக்கு, 2 அங்குலக் குழலில் மேக்னம் மருந்தின் ஒரு பகுதி வெளியே வந்துதான் எரியுது. வெளிச்சமும் சத்தமும் கூடுற அளவுக்கு வேகம் கூடுறதில்லை.

அப்போ இன்னும் சின்னதா .22 போதுமான்னு கேட்டா, அதுவும் சரிப்படாது. பலம் குறைவு, சில சமயம் வெடிக்காமலும் போகும். 1984-ல் வந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம் உதை குறைவானது, கை பலமில்லாதவங்களுக்கு நல்லது. ஆனால் .38 போல எங்கும் சுலபமா கிடைக்காது. நடுவுல நிக்கிறது .38 தான்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க. பால்குடம் எடுக்கிற அக்கா, காவடிக்குப் பின்னால ஓடுற பிள்ளை, சக்கர நாற்காலியில பாட்டி. குறி தப்பின குண்டு இவங்களைத் தாண்டிப் போகணும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கூட சோதனை ஜெல்லில் குண்டு 12 முதல் 18 அங்குலம்தான் போகணும்னு எதிர்பார்க்குது. அதைத் தாண்டினா ஆபத்துன்னு அவங்களுக்கும் தெரியும்.

2013 டிசம்பர் 8, லிட்டில் இந்தியா கலவரம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் அந்த இரவு போலிஸ் ஒரு குண்டும் சுடல. அந்த நிதானம்தான் பல உயிரைக் காப்பாத்துச்சுன்னு நாங்க நம்புறோம்.

இப்போ ரிவால்வருக்குப் பதிலா 9 மில்லிமீட்டர் கிளாக் 19 வந்தாச்சு. தோட்டா அதிகம், ஆனா கேள்வி அதேதான்: வச்சிருக்கிறவர் கைக்கு அடங்குமா? பெரிய தோட்டா வேணும்னு எழுதுற தம்பிகளே, குறிக்குப் பின்னால யார் நிக்கிறாங்கன்னு முதல்ல பாருங்க. நம்ம வீட்டு ஆளுங்கதான்.

வேல் வேல்.