கடனோடு வரும் பட்டம்

2025 பிப்ரவரியில் மைசூருவில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்புகள் அளித்தும் அவர்கள் தேர்ச்சி பெறவில்லை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. பணி ஆணை பெற்று நீண்ட காலம் காத்திருந்து சேர்ந்தவர்களை இப்படி அனுப்பலாமா என்று தொழிலாளர் அமைப்பு கேட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகமும் தலையிட்டது. இரு தரப்பு வாதங்களுக்கும் நடுவே போதிய அளவு பேசப்படாமல் போன ஒன்று உண்டு. அந்த இளைஞர்களைப் பொறியாளர்களாக்கக் குடும்பங்கள் செலவிட்ட தொகையும் வாங்கிய கடனும் என்ன ஆகும் என்பதே அது.

நடுத்தரக் குடும்பத்தின் கல்லூரிக் கணக்கு ஒரேயொரு நம்பிக்கையின் மீது நிற்கிறது. படித்து முடித்தவுடன் வேலை கிடைக்கும், சம்பளத்தில் கடன் அடைந்துவிடும் என்பதுதான் அந்த நம்பிக்கை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் கடன் பெறுவதாகவும், வட்டி 10 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் முடியும்போது, தனி வட்டிக் கணக்கிலேயே கடன் 13.5 லட்சமாகிவிடும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,800 ரூபாய் தவணை கட்ட வேண்டும். முதல் சம்பளத்தின் பெரும் பகுதி அதற்கே போய்விடும். வேலையே போய்விட்டால், தவணை ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தந்தையின் தலையில் விழும்.

முன்கூட்டியே சேமிக்கலாமே என்பது சரியான அறிவுரைதான். இன்று 10 லட்சம் ரூபாய் செலவாகும் படிப்பு, ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால் 15 ஆண்டுகளில் 31 லட்சத்தைத் தாண்டும். அதே 8 விழுக்காடு ஈட்டும் சேமிப்பில் குழந்தையின் மூன்றாம் வயதில் தொடங்கினால் மாதம் ஏறத்தாழ 9,200 ரூபாய் போதும். பதின்மூன்றாம் வயதில் விழித்துக்கொண்டால் மாதம் 43,000 ரூபாய்க்கு மேல் தேவைப்படும். பெண் குழந்தைகளுக்கு 2015-இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், பெண்ணுக்கு 18 வயது நிறைந்த பிறகு இருப்பில் பாதி வரை கல்விக்காக எடுக்கலாம். ஆனால், ஊதுவத்தித் தொழிலிலும் கட்டட வேலையிலும் அன்றாடக் கூலி பெறும் மைசூருக் குடும்பங்களிடம் மாதம் 9,200 ரூபாய் சேமிக்கச் சொல்வது அறிவுரை ஆகாது.

மைசூருக்கு வேறொரு மரபு உண்டு. இளம் வயதில் தந்தையை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் படிப்பைத் தொடர்ந்த மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, மைசூர் அரசின் உதவித்தொகையில்தான் புணே சென்று பொறியியல் படித்தார். அவரே பின்னாளில் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளரானார், 1912 முதல் 1918 வரை திவானாகவும் இருந்தார். கிருஷ்ணராஜசாகர் அணையும் 1916-இல் உருவான மைசூர் பல்கலைக்கழகமும் அவர் பெயரோடு பிணைந்தவை. ஒரு மாணவனுக்குத் தந்த உதவித்தொகைக்கு இதைவிடப் பெரிய வட்டியை எந்த அரசு பெற்றிருக்க முடியும்?

இன்றைய அரசுகள் உதவவே இல்லை என்று கூறிவிட முடியாது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பத்து மாணவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்பு மற்றும் அவகாசக் காலத்தில் 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு 75 விழுக்காடு அரசு உத்தரவாதமும் உண்டு. ஆனால், திட்டம் அறிவிக்கப்பட்டபோது இதற்குத் தகுதி பெற்றவை தரவரிசையில் முன்னணியில் உள்ள 860 நிறுவனங்கள் மட்டுமே. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டில் உள்ள கல்லூரிகளின் எண்ணிக்கையோ 45,000-க்கும் மேல்.

தரமற்ற கல்லூரிகளுக்குப் பொதுப்பணம் போகக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அப்படியானால், அந்தக் கல்லூரிகளை நடத்த அனுமதி அளித்தது யார்? அனுமதியை அரசு அளித்துவிட்டு, அதன் விளைவை மட்டும் மாணவன் சுமக்க வேண்டும் என்பது எந்த வகையில் நீதி?

கட்டணக் கொள்ளைக்கு எதிரான சட்டப் போராட்டத்தில் கர்நாடகத்துக்குத் தனி இடம் உண்டு. 1984-லேயே நன்கொடை வசூலுக்குத் தடைச் சட்டம் இயற்றிய மாநிலம் அது. 1992-இல் மோகினி ஜெயின் வழக்கிலும், 2002-இல் 11 நீதிபதிகள் அமர்வு விசாரித்த டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கிலும், நன்கொடை வசூல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உறுதிபடக் கூறியது. இரண்டுமே கர்நாடகத்திலிருந்து எழுந்த வழக்குகள். நாடு முழுமைக்குமாக, உயர்கல்வி நிறுவனங்களின் முறைகேடுகளைத் தடுக்கும் மசோதா 2010 மே மாதம் மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. அது நிறைவேறாமலேயே 2014-இல் 15ஆவது மக்களவையுடன் காலாவதியானது. கட்சி வேறுபாடின்றி எல்லாரும் மேடையில் கண்டிக்கும் ஒரு தீமையைத் தடுக்க அவையில் நேரம் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியவை மலைப்பானவை அல்ல. படிப்பு முழுமைக்குமான மொத்தச் செலவைச் சேர்க்கையின்போதே எழுத்து மூலம் அறிவிக்கக் கல்லூரிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். வட்டி மானியம் கல்லூரியின் தரவரிசையைப் பார்க்காமல் மாணவனின் வறுமையைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1989 முதல் உள்ளது போல, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே கடனை வசூலிக்கும் முறையை இங்கும் ஆராய வேண்டும். காலாவதியான மசோதாவின் நோக்கத்துக்கு நாடாளுமன்றம் மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும்.

பிள்ளையின் படிப்புக்குத் திட்டமிடுவது பெற்றோரின் கடமை. அந்தத் திட்டம் பலிக்கும் சூழலை உருவாக்குவது அரசின் கடமை. முன்னதை மட்டும் வலியுறுத்திவிட்டுப் பின்னதை மறப்பது, விசுவேசுவரய்யாவுக்குச் சிலை வைத்துவிட்டு அவருக்குக் கிடைத்த உதவித்தொகையை மறப்பதற்கு ஒப்பாகும்.