வேண்டாத எண்ணும் வேண்டிய எண்ணும்



தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று கணினி படித்து, பட்டணத்து அலுவலகங்களில் கணக்குப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும், இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும் செய்தி ஒன்றை இந்த இதழில் சொல்கிறோம்.

பைத்தான் மொழியில் பட்டியல்களைத் திருத்த 'பாண்டாஸ்' என்ற கருவி உண்டு. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-இல் எழுதத் தொடங்கியது. சம்பளப் பட்டியல் ஒன்றை அதனிடம் கொடுத்தால், ஒவ்வொரு வரிக்கும் 0, 1, 2 என்று தானாகவே எண் போட்டுக்கொள்ளும். இதற்கு 'இண்டெக்ஸ்' என்று பெயர். வேண்டாம் என்று நாம் சொல்லாவிட்டால், சேமிக்கும்போது அந்த எண்களையும் முதல் பத்தியாக எழுதிவிடும். அந்தப் பத்திக்குத் தலைப்பு இராது. மறுமுறை திறந்தால் 'அன்நேம்ட் 0' என்ற பெயரோடு வந்து நிற்கும். அப்படியே மறுபடியும் சேமித்தால் இன்னொரு பத்தி கூடும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மூன்றாம் பத்திதான் சம்பளம் என்று இடத்தை எண்ணி எடுக்கும் நிரலாக இருந்தால், எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும். வேலை நாள் கணக்கே சம்பளமாகிவிடும்! செக்ரோலில் ஒரு கோடு தவறினால் எந்த வீட்டு அடுப்பு எரியாது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதற்கு வழி எளிது. சேமிக்கும் கட்டளையில் 'இண்டெக்ஸ் = ஃபால்ஸ்' என்று சேர்த்துவிட்டால் எண் எழுதப்படாது. முன்பே புகுந்துவிட்ட பத்தியை 'டிராப்' கட்டளையால் நீக்கலாம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

ஆனால், களை என்று நினைத்துக் கன்றைப் பிடுங்கிவிடக் கூடாது. சிலர் தொழிலாளியின் பதிவு எண்ணையே இண்டெக்ஸாக வைத்திருப்பார்கள். அங்கே 'ஃபால்ஸ்' என்று போட்டால், புதிய கோப்பில் பதிவு எண்ணே இராது. ஒரே தோட்டத்தில் இரண்டு மாரியம்மாக்கள் இருந்தால் யாருக்கு எந்தச் சம்பளம்? அப்படிப்பட்ட பட்டியலில், முதலில் 'ரீசெட் இண்டெக்ஸ்' கட்டளையால் அந்த எண்ணைச் சாதாரணப் பத்தியாக்கிவிட்டு, பிறகு சேமியுங்கள்.

ஆகவே பிள்ளைகளே, எந்த எண்ணையும் நீக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது கணினி போட்ட எண்ணா, ஓர் ஆளைக் குறிக்கும் எண்ணா? அசல் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, நகலில் கை வையுங்கள். உழைத்தவரின் கூலி உரியவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.